ஆண்கள் சேர்ந்து இருக்குற 90 நாள் ஒறுத்தல்: உங்க கருத்து என்ன?

விடியல்4மணி:
ஆறு பேர் சேர்ந்து 90 நாள் ஒறுத்தல் இருந்து இந்த ஈஸ்டரோட முடிச்சோம். எக்ஸோடஸ் 90 பத்தி சில பேர் கேள்விப்பட்டிருப்பீங்க, அமெரிக்காவுல குருமாணவங்க மத்தியில தொடங்கி அப்புறம் குடும்பஸ்தங்ககிட்ட பரவினது, ஜெபம், ஒறுத்தல், சகோதரத்துவம்னு மூணும் சேர்ந்தது. நாங்க அதுல சேரல, அந்த மாதிரியைப் பார்த்து நாங்களே ஒண்ணு அமைச்சுக்கிட்டோம். தினம் பச்சத்தண்ணி குளியல், மது இல்ல, இனிப்பு இல்ல, புதன் வெள்ளி ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு), வேலைக்குத் தவிர போன் இல்ல, விடியக்காலைல ஒரு மணி நேரம் மௌன ஜெபம், பைபிள்ல விடுதலைப் பயணம் புத்தகம் தினம் கொஞ்சம் வாசிப்பு, வாரம் ஒரு தடவை ஆறு பேரும் உக்காந்து பேசுறது. இதுபோக ஒவ்வொருத்தருக்கும் ஒரு துணை, தினம் ராத்திரி அவர்கிட்ட ஒரு வார்த்தையாவது பேசியே ஆகணும்.

பச்சத்தண்ணியெல்லாம் பத்து நாள்ல பழகிடும், அதைப் பத்தி பேச ஒண்ணும் இல்ல. எனக்கு பிரச்சனை ராத்திரிதான். பதினஞ்சு வருஷமா ஆபாசப் படம் பாக்குற பழக்கம், கல்யாணத்துக்கு முன்னாடியே வந்தது, பாவசங்கீர்த்தனத்துல சொல்லுவேன், அழுவேன், ரெண்டு வாரத்துல திரும்பவும் விழுவேன். 34ஆம் நாள் ராத்திரி பத்தே முக்கால் இருக்கும், போன் கைல, கட்டைவிரல் திரைமேல, எனக்கே தெரியுது அடுத்த நிமிஷம் என்ன பண்ணப்போறேன்னு. அப்படியே துணைக்கு போன் அடிச்சுட்டேன். அவர் எனக்கு பிரசங்கம் ஒண்ணும் பண்ணல. "எந்திரிச்சு லைட்டைப் போடு, நான் லைன்லயே இருக்கேன்"னார், அவ்வளவுதான். இருவது நிமிஷம் ரெண்டு பேரும் பேசவே இல்ல. அவர் வீட்டு ஃபேன் சத்தம் கேக்குது, அவர் குழந்தை இருமுற சத்தம் கேக்குது. அன்னிக்கு தூங்கிட்டேன். அந்த ராத்திரிக்கு அப்புறம் இன்னிக்கு வரைக்கும் விழல.

இதை மத்த ஆண்களுக்கும் சொல்லணும்னு ஆசைப்பட்டுதான் எழுதுறேன். செஞ்சவங்க, செய்ய யோசிக்கிறவங்க, வேணாம்னு நினைக்கிறவங்க எல்லாரும் சொல்லுங்க.

கல்லும்மண்ணும்:
தம்பி, அந்த பழக்கத்துலேர்ந்து வெளிய வந்ததுக்கு கடவுளுக்கு நன்றி, அதை நான் ஒரு சொல் குறைச்சுப் பேசமாட்டேன். ஆனா இந்த முறை மேல எனக்கு பெரிய தயக்கம் இருக்கு. மத்தேயு 6ல ஆண்டவர் என்ன சொல்றார், நோன்பு இருக்கும்போது தலையில எண்ணெய் தேய்ச்சு முகத்தைக் கழுவு, நீ நோன்பு இருக்குறது மனுஷனுக்குத் தெரியவேணாம்ங்கறார். இங்க பாத்தா அட்டவணை, நாள் எண்ணிக்கை, தினம் டிக் போடுறது, முடிச்ச அன்னிக்கு எல்லாரும் சேர்ந்து போட்டோ. கொலோசையர் 2:23ஐ எடுத்து வாசிங்க, உடம்பை வதைக்கிறது ஞானம் மாதிரி தோணும் ஆனா ஊனியல்பை அடக்க அதனால ஒரு பயனும் இல்லன்னு பவுல் நேரடியாவே சொல்றார்.

பாலைவனத்து துறவிகளைத்தான் எல்லாரும் முன்மாதிரி காட்டுறாங்க, ஆனா அவங்களே சொன்ன ஏரோன் கதையை யாரும் சொல்றதில்ல. அந்தக் காலத்து துறவி யோவான் காசியன் எழுதி வச்சிருக்கார். 50 வருஷம் பாலைவனத்துல இருந்த பெரியவர், நோன்புல அவரை யாரும் மிஞ்ச முடியாது, பாஸ்கா விழா, அதாவது ஈஸ்டர் அன்னிக்கு கூட சகோதரங்களோட உக்காந்து சாப்பிட மாட்டார், சாப்பிட்டா தன் விரதம் தளர்ந்துரும்னு. கடைசில வானதூதர் சொன்னார்னு நம்பி ராத்திரில கிணத்துல குதிச்சார். சகோதரங்க வெளிய தூக்கினாங்க, மூணாவது நாள் செத்துப்போனார், சாகுற வரைக்கும் தான் ஏமாந்ததை ஒத்துக்கல. அந்த ஆள் ஒறுத்தல் போதாம கெடல, யார் பேச்சையும் கேக்காம கெட்டார்.

மெழுகுதிரி:
அண்ணே நீங்க சொன்ன ஏரோன் கதை உங்க வாதத்துக்கே எதிரா நிக்குதே. அவர் தனியா இருந்தார், அதனாலதான் விழுந்தார். விடியல் சொல்றது சேர்ந்து இருக்குறதை.

4ஆம் நூற்றாண்டுல எகிப்துல புனித பக்கோமியு என்ன பண்ணார்? தனித்தனி குகைல கிடந்த ஆளுங்களை ஒரே சுவருக்குள்ள கொண்டுவந்து ஒரே மணிக்கு எழுந்து ஒரே இடத்துல ஜெபம், வேலை, சாப்பாடுன்னு வச்சார். அவர் மனம் மாறின கதையே அப்படித்தான், பட்டாளத்துக்கு கட்டாயமா இழுத்துட்டுப் போன நேரத்துல முன்பின் தெரியாத கிறிஸ்தவங்க வந்து சோறு தண்ணி குடுத்தாங்க, இவங்க யாருன்னு கேட்டு அங்கேர்ந்து ஆரம்பிச்சார். இன்னொண்ணு, மறைச்சு செய்யின்னு ஆண்டவர் சொன்னது உண்மைதான், ஆனா தவக்காலத்துல முழு திருச்சபையும் ஒண்ணா நோன்பு இருக்கே, நெத்தியில சாம்பலோட வெளிய நடக்குறோமே, அது வெளிவேஷமா? திருச்சபைச் சட்டம் 1249ஐப் பாருங்க, எல்லா விசுவாசிகளும் அவங்கவங்க வழியில தவம் செய்யணும், ஆனா எல்லாரும் ஒருத்தரோடொருத்தர் இணைஞ்சு செய்யணும்ங்கறதுக்காகத்தான் தவ நாள்களை குறிச்சிருக்குன்னு வருது.

கல்லும்மண்ணும்:
சரி, அதே சட்டத்துல அடுத்தடுத்து என்ன வருது? வருஷம் முழுக்க வெள்ளிக்கிழமையும் தவக்காலமும் தவ நாள்னு இருக்கு. நோன்புக்கு வயசு வரம்பு வச்சிருக்கு, 18லேர்ந்து 59 நிறையுற வரைதான். திருச்சபை அளவோட வச்சிருக்கு, தாய் மாதிரி. அது இருக்கும்போது ஆறு பேர் உக்காந்து அதுக்கு மேல ஒரு சட்டம் போடுறது எதுக்கு? வெள்ளிக்கிழமை தவத்தையே பாதி பேர் மறந்துட்டோம், அதை ஒழுங்கா செஞ்சா போதாதா?

அப்புறம் சேர்ந்து செஞ்சா பாதுகாப்புன்னு சொல்றது சரித்திரத்துல நிக்காது. ஐரோப்பாவுல கொள்ளைநோய் காலத்துல கும்பல் கும்பலா ஆம்பளைங்க சாட்டையால அடிச்சுக்கிட்டு ஊர் ஊரா போனாங்க, அவங்களும் சேர்ந்துதான் போனாங்க, ஒருத்தரையொருத்தர் ஏத்திவிட்டுக்கிட்டே போனாங்க. 1349ல பாப்பரசர் ஆறாம் கிளமெண்ட் தடை போடவேண்டி வந்துச்சு. ஆம்பளைங்க நாலு பேர் சேர்ந்தா போட்டி வந்துரும், நீ ஒரு வேளை விட்டா நான் ரெண்டு வேளை விடுறேன்னு. எனக்கு இது தெரியும், ஏன்னா நான் அப்படி ஒரு குழுவுல இருந்தவன். மூணாவது வாரம் ஒருத்தர் காய்ச்சலோட பச்சத்தண்ணில குளிச்சுட்டு வந்து அதை சாட்சியமா சொன்னார், எல்லாரும் கைதட்டினோம். நானும்தான் தட்டினேன். ரெண்டு நாள் கழிச்சு அவரை ஆஸ்பத்திரில போய்ப் பாத்தப்போ எனக்கு அவர் முகத்தைப் பாக்க முடியல.

விடியல்4மணி:
அண்ணே அது எங்களுக்கு நடக்கல, ஆனா நடக்கலாம்னு ஒத்துக்கறேன். எங்க குழுவுல ஒருத்தருக்கு சர்க்கரை, இன்னொருத்தருக்கு இதயத்துல பிரச்சனை, அவங்க ரெண்டு பேருக்கும் டாக்டர்கிட்ட கேட்டு ஒருசந்தியும் பச்சத்தண்ணியும் வேணாம்னு மாத்திக்கிட்டோம். மாத்திக்கிட்டப்போ அவங்களுக்கு கொஞ்சம் வெட்கமா இருந்துச்சு, அதை நாங்க கவனிச்சிருக்கணும், இப்போதான் உறைக்குது.

வெள்ளிக்கிழமை போதாதான்னு கேட்டீங்க. நல்லா இருக்குற ஆளுக்கு போதும்ணே. அடிமையாகி கிடக்குறவனுக்கு போதாது. வணக்கத்துக்குரிய மேட் டால்பட் தெரியும்ல, டப்ளின் கூலித் தொழிலாளி, 12 வயசுலேர்ந்து குடி. 1884ல ஒரு நாள் கைல காசில்லாம சாராயக்கடை வாசல்ல நிக்குறார், கூட குடிச்ச சிநேகிதன் எவனாவது வாங்கித் தருவான்னு, ஒருத்தனும் கூப்பிடல. வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட சொல்லிட்டு போய் குடிக்கமாட்டேன்னு வார்த்தைப்பாடு எடுக்கிறார். எத்தனை நாளைக்கு? மூணு மாசத்துக்கு. ஆயுசுக்கும்னு சொல்ல அவருக்கே நம்பிக்கை இல்ல. மூணு மாசம் முடிஞ்சு ஆறு மாசம், அப்புறம் ஆயுசுக்கும், 1925ல சாகுற வரைக்கும் 41 வருஷம் தொடல. 90 நாளுங்கறது எங்களுக்கு அந்த மாதிரிதான், ஒரு பலவீனமானவன் தாங்கக்கூடிய அளவு.

கல்லும்மண்ணும்:
டால்பட் மேல எனக்கும் பக்தி உண்டு. ஆனா தம்பி, அவர் அந்த வாசல்ல தனியா நின்னார், தனியா போய் வார்த்தைப்பாடு எடுத்தார், செத்தப்போ உடம்புல சங்கிலி கட்டியிருந்ததைப் பாத்துதான் அவர் தவத்தோட அளவு ஊருக்கே தெரிஞ்சுது. அவ்வளவு மறைவா வச்சிருந்தார். நீங்க சொல்ற துணை, ராத்திரி போன், அது எனக்குப் பிடிக்குது. மீதி எனக்கு ஒட்டல.

ரெண்டுபிள்ளைஅம்மா:
நான் இங்க எழுதலாமா தெரியல, ஆண்கள் பேசுற இடம். ஆனா இந்த 90 நாளை வீட்டுல இருந்து பாத்தவ ஒருத்தியும் இதுவரை பேசல.

என் வீட்டுக்காரர் போன வருஷம் இதே மாதிரி ஒரு குழுவுல இருந்தார். நாலரை மணிக்கு எழுந்து கதவைச் சாத்திட்டு ஜெபம் பண்ணுவார். நாலே முக்காலுக்கு சின்னவ எழுந்துருவா. அவளைத் தூக்கிக்கிட்டு நான் அந்த சாத்துன கதவுக்கு வெளிய நடப்பேன், அவ அழுதா அவர் ஜெபம் கெட்டுருமேன்னு அவ வாயை என் தோள்ல அமுக்கிக்கிட்டு நடப்பேன். தூக்கம் பத்தாம பகல்ல பெரியவன்கிட்ட எரிஞ்சு விழுவார். ஒருசந்தி அன்னிக்கு யாரும் அவர்கிட்ட பேசமுடியாது. வாராவாரம் கூட்டத்துக்கு போய் தன் கஷ்டத்தையெல்லாம் பேசிட்டு லேசா வருவார், எனக்கு அப்படி பேச ஒரு வாரமும் இல்ல. அவர் மாறலன்னு சொல்லமாட்டேன், குடியை விட்டார், அது பெரிய விஷயம், இன்னிக்கும் தொடல. ஆனா அந்த மூணு மாசம் அவர் சுமந்த சிலுவைல பாதி என் தோள்ல இருந்துச்சு, அதை ஒருத்தரும் எண்ணல. எசாயா 58ல நோன்பு நாள்ல உன் வேலையாள்களை ஒடுக்குறியேன்னு கடவுள் கேக்குறார்ல, அதை வாசிச்சப்போ எனக்கு அழுகை வந்துருச்சு.

மெழுகுதிரி:
அக்கா, நான் ஒரு பக்கம் மட்டும் பாத்துக்கிட்டு பேசிட்டேன். மன்னிச்சுக்கோங்க.

பழையமடத்தான்:
நான் எட்டு வருஷம் ஒரு துறவு மடத்துல இருந்துட்டு வெளிய வந்தவன், இப்போ எனக்கு பேரப்பிள்ளைங்க இருக்கு. ரெண்டு தரப்பும் சொன்னதை வாசிச்சேன். ஒறுத்தல் வேணுமான்னு கேக்குற கேள்வியே கத்தோலிக்கனுக்கு கிடையாது, தியாகமும் ஆன்மீகப் போராட்டமும் இல்லாம புனிதம் இல்லன்னு திருச்சபையோட மறைக்கல்வி நூல்ல 2015ஆம் எண்லயே இருக்கு. கேள்வி யார் அளவு குறிக்கிறதுங்கறதுதான்.

புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) துறவிகளுக்கு எழுதின ஒழுங்குல 49ஆம் அதிகாரம் தவக்காலத்தைப் பத்தினது, ரொம்ப சின்ன அதிகாரம். ஒவ்வொருத்தரும் வழக்கத்துக்கு மேல ஏதாவது ஒண்ணை தூய ஆவியின் மகிழ்ச்சியோட குடுக்கட்டும்ங்கறார், சாப்பாட்டுல, தூக்கத்துல, பேச்சுல. உடனே அடுத்து, எதைக் குடுக்கப்போறான்னு மடாதிபதிகிட்ட முதல்ல சொல்லணும், அவர் அனுமதி இல்லாம செஞ்சது புண்ணியத்துல சேராது, வீண்பெருமைலதான் சேரும்ங்கறார். மடத்துல இதை நாங்க ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுப்போம். ஒரு வருஷம் நான் ஏழு வரி எழுதிக் குடுத்தேன். அவர் பேனாவை எடுத்து அஞ்சை அடிச்சுட்டு, கீழ அவர் கையாலயே ஒண்ணு சேர்த்தார், இன்னார்கிட்ட சிரிச்சுப் பேசுன்னு. எனக்கு ஆகவே ஆகாத சகோதரன் அவன். அந்த 40 நாள்ல நோன்பெல்லாம் சுலபமாப் போச்சு, அந்த ஒரு வரிதான் என்னை உடைச்சுது.

இயேசு சபையைத் தொடங்கின இஞ்ஞாசியாரும் இந்த வழியா வந்தவர்தான். 1522ல ஸ்பெயின்ல மன்ரேசாங்கற ஊர்ல நகம் வெட்டாம, முடி வெட்டாம, உடம்பைப் போட்டு வாட்டி வயித்தை ஆயுசுக்கும் கெடுத்துக்கிட்டார். பின்னால 1548ல பிரான்சிஸ் போர்ஜியாவுக்கு எழுதுறப்போ நோன்பையும் தவத்தையும் குறைச்சுக்கோன்னு எழுதுறார், உடம்பும் கடவுளோடதுதான்னு. பட்டவர் சொன்னது அது. அசிசி பிரான்சிஸ் கதையும் ஒண்ணு, நடுராத்திரில ஒரு சகோதரர் பசியில சாகுறேன்னு கத்துறார். பிரான்சிஸ் எழுந்து சாப்பாடு வைக்கச் சொல்லி, அவர் வெட்கப்படக்கூடாதுன்னு தானும் கூட உக்காந்து சாப்பிட்டார். விடியல் தம்பி, உங்க துணை பத்தே முக்காலுக்கு லைன்ல இருந்தாரே, அதுவும் இதுவும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது.

கல்யாணமான ஆளுக்கு மடாதிபதி இல்ல. ஆன்ம குரு இருக்கலாம், கட்டாயம் இருக்கணும், ஆனா அவர் உங்க வீட்டுல விடியக்காலை நாலே முக்காலுக்கு இருக்கமாட்டார். அதனால அந்த சீட்டை மனைவிகிட்டயும் குடுக்கணும்ங்கறது என் கருத்து.

கல்லும்மண்ணும்:
ஐயா, அந்த சீட்டுக்கு நான் கையெடுத்துக் கும்பிடுறேன். ஆனா என் கேள்வி அப்படியேதான் இருக்கு, சீட்டுல அஞ்சை அடிக்க ஆள் இல்லாத குழுக்கள்தான் அதிகம். அது வரைக்கும் நான் யாரையும் சேரச் சொல்லமாட்டேன்.

விடியல்4மணி:
நேத்து ராத்திரி அந்த அக்கா எழுதினதை என் மனைவிகிட்ட வாசிச்சுக் காட்டினேன். உனக்கும் இப்படி இருந்துச்சான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், முதல் மாசம் இருந்துச்சு, சொன்னா நீங்க விட்டுருவீங்களோன்னு பயந்து சொல்லலைன்னா. 90 நாள் பக்கத்துலயே இருந்திருக்கேன், அவகிட்ட ஒரு தடவை கூட கேக்கல.

கல்லும்மண்ணும் அண்ணே, நான் விடப்போறதில்ல. அந்த ஃபேன் சத்தம் கேட்ட ராத்திரியை நான் விட்டுக்குடுக்க முடியாது. ஆனா அடுத்த தவக்காலத்துக்கு எங்க ஆறு பேரோட பட்டியலும் முதல்ல வீட்டுக்குப் போகும், அப்புறம் ஃபாதர்கிட்ட, அப்புறம்தான் கூட்டத்துக்கு. என் பட்டியலை அவகிட்ட இப்பவே குடுத்துட்டேன். பச்சத்தண்ணியை அடிச்சுட்டா. நாலரை மணி ஜெபத்தை அடிக்கல, பக்கத்துல எழுதியிருக்கா: கதவு திறந்திருக்கணும், பிள்ளை அழுதா நீங்க தூக்கணும்.