கோழி கருப்பிக்கு என்ன ஆச்சு?

மாலை 6:52

ரேவதி: கருப்பி மத்தியானத்திலிருந்து மூலையிலேயே நிற்கிறது. கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, இறகெல்லாம் சிலிர்த்துக்கொண்டு. தீனி போட்டால் முதல் ஆளாக ஓடி வரும். இன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குமரன்: நாலு வயசு ஆச்சே அக்கா. கிழவிக்கு அசதி இருக்காதா?

அத்தை: எச்சம் பச்சையா? அப்படியென்றால் வெள்ளைக்கழிச்சல்தான். மற்றதுக்கும் ஒட்டும். உடனே மருந்து கொடு.

ரேவதி: பச்சைதான் அத்தை. ஓரத்தில் வெள்ளை.

மதி: கொஞ்சம் பொறுங்கள் அத்தை. தீனி எடுக்காத எந்தக் கோழிக்கும் எச்சம் பச்சையாகப் போகலாம். குடல் காலியாக இருக்கும்போது பித்தநீர்தான் அதிகம் இறங்குகிறது. அந்த வெள்ளை, சிறுநீரோடு வருகிற உப்பு. கோழிக்கு இரண்டுக்கும் ஒரே வழிதானே! பச்சையை மட்டும் வைத்து நோய்க்குப் பெயர் வைக்க முடியாது. ரேவதி அக்கா, மற்றவை எப்படி இருக்கின்றன?

ரேவதி: நன்றாக மேய்கின்றன. எதற்கும் சளி, தும்மல், கழுத்துத் திருகல் இல்லை.

மதி: அப்படியானால் தொற்று நோயாக இருக்க வாய்ப்பு குறைவு. இருந்தாலும் இதைத் தனியாக, கதகதப்பான இடத்தில் வையுங்கள். தண்ணீரும் வழக்கமான தீனியும் போதும். வாயைத் திறந்து எதையும் ஊற்ற வேண்டாம். தனியாக இருந்தால்தான் எவ்வளவு தின்கிறது, எவ்வளவு கழிகிறது என்று நமக்கும் தெரியும். திடீரென்று இன்னொன்றும் சுருண்டால் எதையும் தொடாமல் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பெரியப்பா: குரல் செய்தி (3:42)

குமரன்: பெரியப்பா, ஒரு வரியில் எழுதிவிடுங்களேன்.

பெரியப்பா: கடைசியாக எப்போது முட்டை வைத்தது?

ரேவதி: ரொம்ப நாளாச்சு பெரியப்பா. கடைசியாக வந்தது ஓடே இல்லாமல் வெறும் சவ்வாக இருந்தது.

மதி: பெரியப்பா சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். வயதான பெட்டைக்கு உடம்பு கெட்டால் முட்டைப்பாதையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

சித்தி: முட்டை சிக்கியிருக்குமோ? எண்ணெய் தடவி விரலால் எடுத்துவிடலாமே.

மதி: வேண்டவே வேண்டாம் சித்தி. உள்ளே உடைந்தால் ஓட்டுச்சில் குத்திக் கிழித்துவிடும். அக்கா, முக்குகிறதா?

ரேவதி: இல்லை. சும்மா நிற்கிறது.

மதி: சரி. காலையில் தீனி வைப்பதற்கு முன் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். நெஞ்சுக்கு மேலே, கோழியின் வலப்பக்கம். ராத்திரியில் செரித்துக் காலியாகியிருக்க வேண்டும். கெட்டியாக நின்றால் அடைப்பு. தளதளவென்று இருந்து வாயில் புளித்த வாடை வந்தால் உள்ளே புளித்திருக்கிறது. வீடியோ பார்த்துத் தலைகீழாகக் கவிழ்த்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மூச்சுக்குழாயில் ஏறிவிடும்.

காலை 6:18

ரேவதி: தீனிப்பை காலி. நெஞ்செலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது, இரண்டு பக்கமும் சதையே இல்லை. ஆனால் தூக்கினால் கனக்கிறது மதி!

மதி: அதுதான் துப்பு. இளைத்த கோழி ஏன் கனக்க வேண்டும்? கால்களுக்கு நடுவே, ஆசனவாய்க்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்துப் பாருங்கள்.

ரேவதி: ஐயோ. தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி இருக்கிறது. கீழே இறகு உதிர்ந்து தோல் சிவந்திருக்கிறது. காலை அகட்டி வைத்து நிமிர்ந்து நிற்பதும் இதனால்தானா?

அத்தை: கொண்டை வெளுத்திருக்கிறதா பார். செள்ளு ரத்தத்தை உறிஞ்சினாலும் இப்படித்தான் சோர்ந்து போகும்.

ரேவதி: வெளுக்கவில்லை அத்தை, நுனி ஊதாவாக இருக்கிறது. ராத்திரியே கூண்டு இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தேன், செள்ளு இல்லை.

மதி: வயிற்றில் நீர் கோத்து, மூச்சுக்கான காற்றுப்பைகளை நெருக்குகிறது, ஊதா அதனால் இருக்கலாம். மஞ்சள் கரு வழி தவறி வயிற்றுக்குள் விழுந்து அழற்சி ஆகியிருக்கலாம். சினைப்பையிலோ முட்டைப்பாதையிலோ கட்டி இருக்கலாம். ஈரல், இதயம் கெட்டாலும் இப்படி வரும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான். மருத்துவர் ஊசியால் கொஞ்சம் நீர் எடுத்துப் பார்ப்பார், தேவைப்பட்டால் ஸ்கேன்.

சித்தி: பிழைத்துவிடுமா?

மதி: நீரை எடுத்தால் மூச்சு லேசாகும் சித்தி, ஆனால் பெரும்பாலும் திரும்ப ஊறும். கிருமித் தொற்று மட்டும் என்றால் மருந்துக்குக் கேட்கலாம். கட்டி என்றால் வலியில்லாமல் வைத்துக்கொள்வது, அதுவும் முடியாவிட்டால் ஊசி போட்டு அனுப்பிவைப்பது. அதை அவரிடமே வெளிப்படையாகக் கேளுங்கள் அக்கா.

ரேவதி: ம். பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். குமரா, வண்டியை எடு.

மதி: காற்றோட்டமான அட்டைப்பெட்டியில் வையுங்கள். வயிற்றை அழுத்தாமல், மல்லாத்தாமல் தூக்குங்கள், மூச்சு முட்டிவிடும். புது எச்சம் கொஞ்சம் டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள், குடற்புழுவும் பார்க்கலாம்.

குமரன்: வண்டி நான். டப்பா நான் இல்லை.

ரேவதி: நான் கோழியைப் பிடித்திருப்பேன். டப்பா உன் சட்டைப்பையில்தான். சீக்கிரம் வா.