சரோஜாதேவி அம்மாவுக்குக் கொழும்பில் அஞ்சலிக் கூட்டம்: எதைக் கவனிக்க வேணும்?

வெள்ளவத்தை வாசகி:
வணக்கம். 2025 ஜூலை 14இல் பெங்களூரில் காலமான நடிகை பி. சரோஜாதேவி அம்மாவுக்கு, 31ஆம் நாளை ஒட்டி வெள்ளவத்தையில் சின்ன அஞ்சலிக் கூட்டம் வைக்கிறோம். 60, 70 பேர் வருவார்கள், பெரும்பாலும் ‘கல்யாணப் பரிசு’ காலத்து ஆட்கள். 3க்கு 4 அடியில் படம் அடிக்க வேணும், குடும்பத்துக்குக் கடிதமும் அனுப்ப வேணும். எங்கே பிழைக்கும்?

அச்சுக்கூடம்:
முதலில் படத்தில்தான் பிழைக்கும். வாட்ஸ்அப்பில் வந்த படம் நீளப் பக்கத்தில் ஏறக்குறைய 1600 புள்ளிதான் (பிக்சல்) இருக்கும். அதை 4 அடிக்கு, அதாவது 48 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 33 புள்ளிதான். பூப்போட வருகிறவர்கள் இரண்டடி தூரத்தில் நின்று பார்ப்பார்கள். கண்ணிமையும் மூக்குத்தியும் கட்டம் கட்டமாகத் தெரியும், அந்த முகத்துக்கு அது அடுக்காது. 100 புள்ளியாவது வேணும். பழைய 6 அங்குலப் புகைப்படம் கிடைத்தால் அங்குலத்துக்கு 800 புள்ளியில் ஸ்கேன் பண்ணுங்கள், 4800 வந்துவிடும். பத்திரிகையில் வெட்டிய படம் வேண்டாம், அச்சுப் புள்ளிகளும் சேர்ந்து பெரிதாகும். வாட்ஸ்அப் படம் மட்டும்தான் என்றால் ஏ3இல் அடித்துச் சட்டம் போடுங்கள், அந்த அளவுக்கு 1600 போதும்.

அடுத்தது எழுத்து. இங்கே பல கடைகளில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருதான். கைபேசியில் தட்டுகிற யூனிகோட் வசனத்தை அப்படியே ஒட்டினால் ‘சரோஜா’வில் உள்ள ‘ரோ’ உடைந்து, கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் நிற்கும். பிடிஎப் ஆகக் கொடுங்கள். தேதிகள்: 07.01.1938 – 14.07.2025.

கடலோரம்:
அக்கா, கடிதத்துக்குத்தான் கூட நேரம் வையுங்கள். கன்னடம் பேசும் வீடு. அதனால் ஆங்கிலத்தில் ஒரு பக்கமும் கீழே தமிழில் நாலு வரியும் போதும். ‘அபிநய சரஸ்வதி’, ‘கன்னடத்துப் பைங்கிளி’ என்று பட்டங்களை அடுக்கித் தொடங்காதீர்கள், அதை வாசிக்கப்போவது தாயைப் பறிகொடுத்த பிள்ளைகள். இப்படி எழுதலாம்: “உங்கள் அம்மாவின் படங்களைக் கொழும்பில் பாட்டி, மகள், பேத்தி என்று ஒன்றாக இருந்து பார்த்தோம். அவர் இல்லாத உங்கள் வீட்டை நினைத்துக்கொண்டு இருக்கிறோம். பதில் எழுத வேண்டியதில்லை.” அந்தக் கடைசி வரியை விடாதீர்கள், துக்க வீட்டுக்கு ஒரு வேலை குறையும்.

கடைசி நாட்களில் என்ன நடந்தது என்று கேட்கக்கூடாது. உடல் கிடத்திய படங்களைத் திரையில் போடவும் கூடாது. கையொப்பங்களைத் தனித்தாளில் வாங்குங்கள். வீட்டு முகவரி தேடி அலையாமல், பெங்களூரில் உள்ள கர்நாடகத் திரைப்பட வர்த்தக சபைக்கு, ‘குடும்பத்தாரிடம் சேர்ப்பிக்கவும்’ என்று எழுதிப் பதிவுத் தபாலில் போடலாம்.

மண்டபம் பார்ப்பவர்:
பாட்டுகளைப் பென்டிரைவில் வைத்திருங்கள். யூடியூப்பில் ஓடவிட்டால் மௌன அஞ்சலி முடிந்த கையோடு விளம்பரம் கத்தும். ‘பாலும் பழமும்’ மாதிரிக் கறுப்பு வெள்ளைப் படங்களை 4:3இல் போடுங்கள், அகலத்துக்கு இழுத்தால் முகம் வீங்கிப்போகும். விளக்கேற்றும்போது மின்விசிறியை நிறுத்துங்கள், திரியை முதலே தேங்காய் எண்ணெயில் ஊறவையுங்கள். பேச்சாளர் நாலு பேர், ஆளுக்கு 7 நிமிடம். வெளியே ஒலிபெருக்கி வைப்பதென்றால் பொலிஸ் அனுமதி வேணும்.

இன்னொன்று. அம்மாவின் கண்கள் தானமாகக் கொடுக்கப்பட்டன. கொழும்பு 7, வித்யா மாவத்தையில் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தான சங்கம் இருக்கிறது. படிவங்களை வாங்கிவந்து மேசையில் வையுங்கள். கண்ணாடி போடுகிறவர்களும் கட்டராக்ட் வெட்டியவர்களும் கொடுக்கலாம் என்பதை மேடையில் சொல்லுங்கள், பலர் முடியாது என்று நினைத்து ஒதுங்குகிறார்கள். படிவம் நிரப்பியதை வீட்டாரிடம் சொல்லாவிட்டால் வீண்தான். இறந்து 4 மணித்தியாலத்துக்குள் அவர்கள்தான் அறிவிக்க வேணும். கண்ணை எடுக்க ஆட்கள் வரும்வரை இமையை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, விசிறியை நிறுத்தி, தலையை ஒரு தலையணையில் உயர்த்தி வைக்க வேணும்.

வெள்ளவத்தை வாசகி:
எல்லாருக்கும் நன்றி. ஏ3தான் அடிக்கிறோம். கண்தான மேசையை வாசலில் இல்லாமல் படத்துக்குப் பக்கத்திலேயே போடுகிறோம், பூப்போட்டுத் திரும்புகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போவார்கள்.