சென்சார் இரண்டு முறை மாற்றியும் பி0335 திரும்பத் திரும்ப வருகிறது

கேள்வி

4 சிலிண்டர் பெட்ரோல் கார். கிராங்க் சென்சார் (கிராங்க் ஷாஃப்ட் சுற்றுவதை உணர்ந்து சொல்வது) மூன்று வயர் உள்ள ஹால் வகை, அதாவது காந்தப்புலத்தை உணரும் வகை. எஞ்சின் குளிர்ந்திருந்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. 30, 40 நிமிடம் ஓடி நன்றாகச் சூடேறிய பிறகு, வேகம் குறைத்து ஐடிலுக்கு வரும்போது சட்டென்று அணைந்துவிடுகிறது. 20 நிமிடம் ஆறவிட்டால் மறுபடி ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். ஸ்கேனரில் ஒவ்வொரு முறையும் பி0335 என்ற கோடு (பழுதுக் குறியீடு) மட்டும்தான். கேம் சென்சார் கோடு எதுவும் இல்லை.

சென்சாரை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது, இரண்டாவது ஒரிஜினல் பாகம். கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தால் 5.0 வோல்ட் சரியாக வருகிறது. எர்த் வயரில் கன்டினியூட்டி வைத்தால் பீப் அடிக்கிறது. அப்படியானால் ஈசியூதான் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) போய்விட்டதா? அதை மாற்றுவதற்கு முன் வேறு என்ன பார்க்க வேண்டும்?

பதில் 1

ஈசியூவை இப்போதைக்குத் தொடாதீர்கள், அது கடைசியில் சந்தேகப்பட வேண்டியது.

பி0335 என்பது கிராங்க் சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு என்று மட்டுமே சொல்கிறது. சென்சார், மூன்று வயர்கள், கனெக்டர் பின்கள், கிராங்க்குடன் சுற்றும் பல்சக்கரம் (இதன் பற்களைத்தான் சென்சார் படிக்கிறது), ஈசியூவின் உள்ளீடு என எது சொதப்பினாலும் இதே கோடுதான் விழும். கோடைப் பார்த்ததும் சென்சாரை வாங்கிப் போடுவதால்தான் இப்படிப் பணம் வீணாகிறது.

முதலில் ஃப்ரீஸ் ஃப்ரேமைப் பாருங்கள். கோடு விழுந்த நொடியில் கூலன்ட் வெப்பநிலை, ஆர்பிஎம் இரண்டும் அதில் இருக்கும், சில வண்டிகளில் பேட்டரி வோல்டேஜும் இருக்கும். அடுத்த முறை அணையும்போது, ஆறவிடாமல் அப்போதே ஸ்கேனரில் ஆர்பிஎம் லைவ் டேட்டாவை வைத்துக்கொண்டு கிராங்க் செய்யுங்கள். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியும் ஆர்பிஎம் 0 என்றே நின்றால் சிக்னல் ஈசியூவை எட்டவில்லை. 150க்கும் 250க்கும் இடையில் காட்டினால் சிக்னல் வருகிறது. அப்போது எரிபொருள் பக்கமோ ஸ்பார்க் பக்கமோ போக வேண்டும். இந்த ஒரு சோதனை வேலையைப் பாதியாகக் குறைக்கும்.

பதில் 2

சூட்டில் மட்டும் வரும் கோளாறு என்பதால் சூட்டை நாமே உண்டாக்கிப் பார்ப்பது நல்லது. எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஹீட் கன்னால் முதலில் சென்சாரை மட்டும், பிறகு கனெக்டரை, பிறகு வயர் ஹார்னஸை என்று பகுதி பகுதியாகச் சூடாக்குங்கள். எங்கே காட்டும்போது அணைகிறதோ அந்த இடம் குற்றவாளி. ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டே இருந்தால் பிளாஸ்டிக் உருகிவிடும், ஆட்டிக்கொண்டே காட்டுங்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று. ஓம் அளவு இரண்டு வயர் இண்டக்டிவ் சென்சாருக்குத்தான் பொருந்தும். அதில் இருப்பது செம்புக் கம்பிச் சுருள், பெரும்பாலும் சில நூறு ஓமிலிருந்து 1,500 ஓம் வரை காட்டும். செம்பின் தடை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் ஏறும். எனவே 25 டிகிரியில் 900 ஓம் காட்டிய சுருள் 100 டிகிரியில் ஏறக்குறைய 1,160 காட்டுவது இயல்பு, அதைக் கோளாறு என்று எண்ணிவிடக் கூடாது. சூட்டில் தடை எல்லையின்றி எகிறினால்தான் சுருள் அறுந்திருக்கிறது. மூன்று வயர் ஹால் சென்சாருக்குள் எலக்ட்ரானிக் சில்லு இருப்பதால் ஓம் வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது.

பல்சக்கரத்தையும் மறக்க வேண்டாம். சென்சாரைக் கழற்றி முனையில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். உங்கள் வண்டியில் 60-2 சக்கரம் இருந்தால் (60 பல்லுக்கான இடம், அதில் 2 இல்லை) ஒரு வசதி உண்டு: மல்டிமீட்டரை ஹெர்ட்ஸில் வைத்துச் சிக்னல் வயரில் பார்த்தால், காட்டும் எண் கிட்டத்தட்ட ஆர்பிஎம்மாகவே இருக்கும். 800 ஆர்பிஎம் ஐடிலில் 770 அளவில் வரும். ஆனால் சூட்டில் மட்டும் வந்து ஆறியதும் மறைகிற கோளாறு பல்சக்கரத்தால் வருவது அரிது.

பதில் 3

ஹீட் கன் யோசனை சரிதான். ஆனால் இரண்டு சென்சாரும் ஒரே மாதிரி நடந்துகொள்வதால் நான் நேராக வயருக்குப் போவேன். கேள்வியிலேயே துப்பு இருக்கிறது: அளந்ததெல்லாம் கனெக்டரைக் கழற்றி வைத்து, அதுவும் எஞ்சின் ஆறியிருந்தபோது.

கனெக்டர் கழன்றிருந்தால் வயரில் கரண்ட் ஓடுவதில்லை. கரண்ட் இல்லாத இடத்தில் வோல்டேஜ் இறக்கமும் இராது. பத்து இழையில் ஒன்பது அறுந்த வயரும் 5.0 வோல்ட் காட்டும். பீப் சோதனையும் அப்படித்தான். மீட்டர் அனுப்பும் கரண்ட் மிகச் சிறியது, ஒற்றை இழை அதற்குப் போதும்.

ஆகவே கனெக்டரை மாட்டிய நிலையில், பின்பக்கத்திலிருந்து மெல்லிய பின்னைச் செருகி அளக்க வேண்டும். வயரின் இன்சுலேஷனைக் குத்தாதீர்கள், பிறகு ஈரம் ஏறி அங்கேயே பச்சை பூக்கும். வண்டி சூட்டில் அணைந்த உடனே, சாவி ஆனில்:

எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 5 வோல்ட் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே 4.8க்குக் குறையக் கூடாது. பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, இக்னிஷன் காயில், இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லி போல்ட்டை ஸ்பேனரால் மெதுவாகத் திருப்பிச் சிக்னல் பின்னைப் பாருங்கள். மேலே 5 வோல்ட், கீழே 0.5க்குள் என்று மாறி மாறி வர வேண்டும். சூட்டில் ரேடியேட்டர் ஃபேன் தானாக ஓட ஆரம்பிக்கும், கை ஜாக்கிரதை.

கேள்வி கேட்டவர்

அணைந்த உடனே கிராங்க் செய்தபோது ஆர்பிஎம் 0. மற்ற அளவுகள்: எர்த் பின்னிலிருந்து பேட்டரி நெகட்டிவ் 1.8 வோல்ட். 5 வோல்ட் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே 3.2. சிக்னல் மேலே 5.0, கீழே 2.0. கனெக்டரைக் கழற்றியதும் பழையபடி 5.0 காட்டுகிறது. ஆறிய பிறகு எர்த் பின்னில் 0.04தான்.

பதில் 3

மூன்று எண்களும் ஒன்றையே சொல்கின்றன. எர்த் வயர்.

சப்ளை வயர் நன்றாக இருக்கிறது, 3.2 உடன் 1.8 கூட்டினால் 5.0. சென்சாரின் எர்த் தரையில் இல்லாமல் 1.8 வோல்ட் மேலே மிதக்கிறது. சிக்னலைக் கீழே இழுக்கும்போது சென்சாரால் தன் எர்த் வரைக்கும்தான் இழுக்க முடியும், அதனால்தான் 2.0க்குக் கீழே இறங்கவில்லை. ஈசியூ அதைத் தாழ்நிலையாக எடுத்துக்கொள்ளாமல் பல்லே வரவில்லை என்று முடிவு செய்கிறது. போதாக்குறைக்கு, 3.2 வோல்ட்டில் பல ஹால் சென்சார்கள் ஒழுங்காக வேலையே செய்யாது. சென்சார் சுமார் 15 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 1.8 வோல்ட் இறங்க 120 ஓம் தடை வேண்டும். ஈசியூவுக்குப் போகும் எர்த் வயரில் அவ்வளவு தடை இருக்கவே கூடாது.

இனி இடத்தைக் கண்டுபிடிப்பது. அதே சூட்டில் ஈசியூ கனெக்டரில் சென்சார் எர்த் பின்னை அளங்கள். அங்கே 0.05க்குள் வந்தால் ஈசியூ நல்லது, பழுது நடுவழியில். கேம் சென்சாரும் அதே எர்த்தில் கிளை பிரிகிறதா என்று வயரிங் படத்தில் பாருங்கள். பிரிந்தால், அதற்குக் கோடு விழாததால், கிளை பிரிந்த பிறகு கிராங்க் சென்சாருக்குப் போகும் துண்டில்தான் பழுது. அந்தத் துண்டு எக்ஸாஸ்ட் பக்கம் போகும் இடம், பிராக்கெட் விளிம்பில் உரசும் இடம், கனெக்டரிலிருந்து முதல் 10 சென்டிமீட்டர், இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். மேலுறை முழுதாக இருந்தும் உள்ளே செம்பு அறுந்திருக்கும். விரலால் வளைத்துக்கொண்டு போனால் அந்த இடம் மட்டும் துவண்டு மடியும். கனெக்டருக்குள் பெண் பின் அகன்று போயிருந்தாலும் இதே அளவுதான் வரும். அதே தடிமனுள்ள ஆண் பின் ஒன்றைச் செருகி இழுத்துப் பாருங்கள், லேசான பிடிப்பு தெரிய வேண்டும்.

உறுதி செய்ய 5 வாட் பல்பு போதும். ஈசியூ, கிராங்க் சென்சார், அந்த எர்த்தில் சேரும் மற்ற சென்சார்கள் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஒன்றை விட்டுவிட்டாலும் 12 வோல்ட் உள்ளே போய் அதை எரித்துவிடும். வயரின் ஈசியூ முனையைப் பேட்டரி நெகட்டிவிலும், சென்சார் முனையைப் பல்பு வழியாகப் பாசிட்டிவிலும் இணைத்தால் நல்ல வயரில் பல்பு பளிச்சென்று எரியும். வயரை ஆட்டும்போது மங்கினால் அங்கேதான் அறுப்பு.

சரிசெய்யும்போது, பளபளக்கும் செம்பு தெரியும்வரை இரு பக்கமும் வெட்டுங்கள். அதே கனமுள்ள, வெப்பம் தாங்கும் வயரை வைத்துக் கிரிம்ப் செய்து, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். சாதாரண இன்சுலேஷன் டேப் எஞ்சின் சூட்டில் இளகி வழிந்துவிடும். எஞ்சின் அசையும் என்பதால் வயரை இழுத்துக் கட்டாமல் சற்றுத் தளர்வாக விடுங்கள். எர்த்துக்குக் குறுக்கு வழியாக எஞ்சின் பிளாக்கில் போல்ட் போட்டுவிடாதீர்கள். ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் கரண்டெல்லாம் அதே பிளாக் வழியாகத்தான் திரும்புகிறது, அந்த இரைச்சல் சிக்னலில் கலக்கும்.

பதில் 1

ஒன்றைச் சேர்க்கிறேன். சிக்னல் வயர் ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) சுற்றியதாக இருந்தால், ஷீல்டு ஒரு முனையில்தான், பெரும்பாலும் ஈசியூ பக்கம், எர்த் ஆகியிருக்கும். ஒட்டுப்போடும்போது சென்சார் பக்கமும் எர்த் செய்துவிட வேண்டாம்.

முடித்ததும் கோடை அழித்துவிட்டு, ஃபேன் இரண்டு மூன்று முறை ஓடி நிற்கும்வரை ஐடிலில் விட்டு, அந்தச் சூட்டிலேயே எர்த் பின்னை மறுபடி அளங்கள். பிறகு 40 நிமிடம் ஓட்டிவிட்டு ஸ்கேனரில் பென்டிங் கோடுகளையும் (இன்னும் உறுதியாகாத கோடுகள்) பாருங்கள். எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிவதற்கு முன்பே பல வண்டிகளில் பி0335 அங்கே வந்து உட்கார்ந்திருக்கும்.