தாளின் மேல் ஓரத்துக்குக் கை எட்டாத தம்பிக்கு யோசனை வேண்டும்

வணக்கம். என் தம்பிக்கு டூஷென் தசைச்சிதைவு. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி நாள் முழுக்க வரைவான். இந்த நோயில் கையைப் பொறுத்தவரை தோளும் மேல்கையும் முதலில் தளரும். விரல்களில் பலம் இன்னும் கொஞ்ச காலம் நிற்கும். அதனால் இலை நரம்பு, மீன் செதில் போன்ற நுணுக்கமெல்லாம் அசத்தலாக வருகிறது. ஆனால் தாளின் மேல்பாதிக்குக் கை போகாது. தாளைத் தலைகீழாகத் திருப்பச் சொல்லி வானத்தை வரைகிறான்! பார்க்கிறவர்களுக்குத்தான் தலை சுற்றும்.

இப்போது பெரிய தாளில் வரைய ஆசை. முன்கையைத் தாங்கி, கையோடு சேர்ந்து நகரும் கைத்தாங்கி யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா? மேசையில் பொருத்துவது வசதியா, நாற்காலியிலா? சாய்வுப் பலகை வைத்தால் கை வழுக்குகிறது, தட்டையாக வைத்தால் கழுத்து வலிக்கிறது. எந்தச் சாய்வு சரிப்படும்? அப்புறம், பிடி தடிமனாகவும் கனமில்லாமலும் இருக்கும் தூரிகை வேண்டும். பஞ்சுக்குழாய் சுற்றிப் பார்த்தோம், ஈரத்தில் ஊறிப்போகிறது.

டேப்லெட் வாங்கச் சொல்லாதீர்கள். அது இருக்கிறது, துரைக்குப் பெயிண்ட் வாசம் வேண்டுமாம். இதே நோயோடு வரைகிறவர்கள் இங்கே இருந்தால், உங்கள் மேசையை ஒரு படம் எடுத்துப் போடுங்களேன்.