அட்டாக் இல்லை என்றால் ஒன்றும் இல்லையா?

தேவிபட்டினம் பக்கத்திலிருந்து:

எங்கள் அப்பத்தாவுக்கு 82 வயது. போன ஐப்பசி மழையில் காய்ச்சலும் இருமலும் வந்தது. மூன்றாம் நாள் ஆள் அடையாளம் தெரியாமல் பேச ஆரம்பித்துவிட்டது. நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராமநாதபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நிமோனியா என்றார்கள்.

சரி, சளிதானே என்று உட்கார்ந்திருந்தபோது ரத்த ரிப்போர்ட் வந்தது. இதயத்துக்கான பரிசோதனை, டிரோப்போனின் டி 46. பக்கத்திலேயே 14க்குள் இருக்க வேண்டும் என்று அச்சடித்திருந்தது. சித்தப்பா அப்போதே மதுரைக்கு ஆம்புலன்ஸ் பேசக் கிளம்பிவிட்டார்.

டூட்டியில் இருந்த டாக்டரம்மா நிறுத்தினார். "மூணு மணி நேரம் பொறுங்க. இன்னொரு தடவை எடுத்துப் பாப்போம்." இரண்டாவது 48. ஈசிஜியில் புதிதாக எதுவும் இல்லை. டிரோப்போனின் இதயத் தசைக்குள் இருக்கிற புரதம். தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும். புதிதாக அட்டாக் வந்திருந்தால் சில மணி நேரத்தில் எண் தாவி ஏறும், பிறகு இறங்கும். அப்படியே நிற்கிறது என்றால் நாள்பட்ட காரணம் என்றார். அப்பத்தாவுக்குக் கிரியேட்டினின் 1.9, சிறுநீரகமும் தளர்ந்திருந்தது.

சித்தப்பா அங்கே நின்றபடியே வீட்டுக்குப் போன் போட்டார். "அட்டாக் இல்லையாம், ஒண்ணும் இல்லை." அந்த இரண்டாவது பாதியை டாக்டரம்மா சொல்லவே இல்லை. சித்தப்பாவாகச் சேர்த்துக்கொண்டது. எங்களுக்கும் அதுதான் காதில் விழுந்தது.

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தோம். மாசியில் ஒரு விடியற்காலை அப்பத்தா எழுந்திருக்கவில்லை.

கீழக்கரையிலிருந்து:

அல்லாஹ் அவருக்கு நல்லது செய்யட்டும். எங்கள் வாப்பா கதை வேறு. வயது 77. கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, இரவெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தார். என்டி புரோபிஎன்பி 6,200 என்று வந்தது. இதயச் சுவர் இழுபட்டால் ரத்தத்தில் கூடுகிற பொருளாம். 300க்குக் கீழே இருந்தால் திடீர் இதயத் தளர்ச்சி, அதாவது இதயம் ரத்தத்தைச் சரியாகத் தள்ளாத நிலை, அநேகமாக இல்லை. இருக்கிறது என்று சொல்வதற்கான எண் வயதுக்கு வயது மாறும். 50க்குள் 450, அதிலிருந்து 75 வரை 900, அதற்கு மேல் 1,800.

டிஸ்சார்ஜ் ஆகும்போது 2,900. இன்னும் இவ்வளவா என்று உம்மா அழுதது. டாக்டரோ சந்தோஷமாக இருந்தார். ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே 30 சதவீதத்துக்கு மேல் இறங்கியவர்கள் பொதுவாக இறங்காதவர்களைவிட நன்றாகத் தேறுவார்களாம்.

அப்புறம் உப்பு. அது உடம்பில் நீரைத் தேக்கி எடையைக் கூட்டுமாம். நம் ஊரில் கருவாட்டை நிறுத்தச் சொல்வது லேசான காரியமா? பரண்மேல் இருந்த பானையைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினோம். வாப்பா அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். மறுநாள் காலை எடை பார்க்கும் மெஷின் காட்டிக்கொடுத்துவிட்டது. தினமும் காலையில் எடை பார்க்கச் சொல்லியிருந்தார்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் போன் பண்ண வேண்டும். இரண்டு முறை பண்ணினோம். மாத்திரையைக் கூட்டிச் சமாளித்தார்கள், அட்மிஷன் தேவைப்படவில்லை.

ராமநாதபுரத்தில் லேபில் வேலை பார்ப்பவர்:

ஒன்று மட்டும் சொல்கிறேன். ராமேஸ்வரத்தில் ஒரு ரிப்போர்ட், இங்கே ஒன்று, மதுரையில் ஒன்று என்று மூன்றையும் வரிசையாக வைத்து 'ஏறுது, இறங்குது' என்பார்கள். டிரோப்போனின் ஐ வேறு, டி வேறு. கிட் மாறினாலே எண் மாறும். ஏற்ற இறக்கம் பார்ப்பதென்றால் ஒரே லேபில் ஒரே பரிசோதனையாக இருக்க வேண்டும்.

கீழக்கரைக்காரர் சொன்ன பரிசோதனையின் பெயரில் பிஎன்பி என்று வருகிறதே, அதில் முதல் எழுத்து மூளையைக் குறிக்கும். ஒருவர் பதறிப்போய், "மூளைக்கும் ஏதாச்சும் ஆயிருச்சா தம்பி?" என்று கேட்டார். 1988இல் ஜப்பானில் முதலில் பன்றி மூளையில் கண்டுபிடித்ததால் வந்த பெயர். பிறகுதான் இதயத்திலிருந்து அதிகம் வருகிறது என்று தெரிந்தது.

தேவிபட்டினம் அண்ணனுக்கு: அட்டாக் இல்லாமலே டிரோப்போனின் கூடி நிற்கிற வயதானவர்களுக்கு அடுத்து வரும் மாதங்களில் ஆபத்து அதிகம் என்பது உண்மை. ஆனால் அது பல பேரைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. இந்த ஆளுக்கு இந்தத் தேதி என்று எந்த எண்ணும் சொல்லாது. இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கிற எக்கோ எடுக்கச் சொல்லி டிஸ்சார்ஜ் தாளில் எழுதியிருந்தார்களா?

தேவிபட்டினம் பக்கத்திலிருந்து:

நீங்கள் கேட்ட பிறகுதான் தேடினேன். ரேஷன் கார்டோடு மடித்து வைத்திருந்தோம். இரண்டாம் பக்கத்தில் கடைசி வரி: இரண்டு வாரத்தில் எக்கோ, இதய டாக்டரிடம் காட்டவும். எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது தம்பி. சித்தப்பாவிடம் இதை இன்னும் காட்டவில்லை.