ருவாண்டால பொம்பளைங்க மேல வந்தாங்க, இலங்கைல ஏன் வரல?

மதுரைவாசி:
ருவாண்டால 1994 இனப்படுகொலைக்கு அப்புறம் ஆம்பளைங்க நெறைய பேர் செத்து, மிச்சத்துல பலர் ஜெயிலுக்கோ காட்டுக்கோ போயி, பொம்பளைங்கதான் ஊரையே நிமித்துனாங்கன்னு படிச்சேன். 1999ல மகளுக்கும் சொத்துல பங்குன்னு சட்டம், 2013 தேர்தல்ல 80 சீட்ல 51 பொம்பளைங்க. இலங்கைலயும் 26 வருஷம் சண்ட நடந்துச்சு, புலிகள்ல பொண்ணுங்க துப்பாக்கியே தூக்குனாங்க, ஆனா 2020ல கூட பார்லிமென்ட்ல 225க்கு 12 பேர்தானே, ஏன்?

வன்னிப்பெட்டை:
தம்பி, அங்க சண்டையில வெண்ட கட்சியே சட்டம் எழுதினது, 24 சீட்டைப் பெம்பிளையளுக்கெண்டே ஒதுக்கினது. இஞ்ச புலிகள் இயக்கத்தில இருந்த பிள்ளையள் அரசாங்கத்தின்ர புனர்வாழ்வு முகாம் முடிஞ்சு வர, கட்டை முடியைப் பாத்தே சனம் "இவளை ஆர் கட்டுறது" எண்டு கதைச்சுது.

சீட்டை விடுங்கோ, கையெழுத்துக்கு வருவம். வடக்குத் தமிழருக்கெண்டு இருக்கிற தேசவழமைச் சட்டப்படி கலியாணம் கட்டின பெம்பிளை தன்ர சீதனக் காணியை விக்கவும் புருசன் எழுதிச் சம்மதிக்கவேணும். எங்கட சித்தப்பா சண்டை முடிஞ்ச 2009 மேயில வட்டுவாகல் பாலத்தால ஆமியின்ர பக்கம் போனவர், இண்டைக்கு வரைக்கும் ஆளில்லை. சித்தி காணி உறுதிப் பத்திரத்தை ஷொப்பிங் பாக்கில சுத்திக்கொண்டு உறுதி எழுதுற நொத்தாரிசிட்டப் போனா, மனுசன்ர கையெழுத்து எங்கையாம், இல்லாட்டி கோட்டில அனுமதி எடுக்கட்டாம். மரணச் சான்றிதழ் எடுத்தா அலுவல் லேசு, அதுக்கு அவ மாட்டன் எண்டிட்டா, பொட்டும் அழிக்கேல்லை. ஆளைக் காணேல்லை எண்டு சான்றிதழ் குடுக்கிற சட்டமே 2016லதான் வந்தது.

மட்டக்களப்பான்:
அதோட கடனையும் சொல்லணும். வீட்டைப் பாக்கிறது பொம்பிளதான் என்டு தெரிஞ்சு, நுண்கடன் கம்பனிக்காரன் வாசல்ல வந்து லோன் குடுத்தான், கிழமைத் தவணை தவறினா அதே வாசல்ல இருட்டுமட்டும் குந்தியிருப்பான். 2018ல வரட்சி மாவட்டங்கள்ல 1 லட்சத்துக்குள்ள எடுத்த பெண்கள்ட கடன அரசாங்கம் தள்ளுபடி செய்தது, அந்தளவுக்குப் போயிருந்தது நிலம. ஆனா ஒன்று, முந்தி வாசல் தாண்டாத எங்கட மாமி இப்ப தனியா மோட்டச்சைக்கிள்ல சந்தைக்குப் போறா, 2018ல உள்ளூராட்சித் தேர்தல்ல பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு வந்தப்ப அவவையும் போட்டியிடச் சொன்னாங்க. அவ சிரிச்சிட்டுப் போயிட்டா.

மதுரைவாசி:
அக்கா, சித்தி நிலத்த வித்தாங்களா?

வன்னிப்பெட்டை:
இல்லை தம்பி, கோட்டுக்கும் போகேல்லை. கச்சான் போட்டிருக்கிறா.

மதுரைவாசி:
கச்சான்னா?

வன்னிப்பெட்டை:
உங்கட நிலக்கடலை.