பொங்கோலில் ஒவ்வொரு புளோக்குக்கும் ஒரு பள்ளி என்று எல்லை வகுக்க வேண்டும்

பொங்கோல்வாசி:
சிங்கப்பூரில் தொடக்கநிலை ஒன்று பதிவில், பள்ளியோடு முன்தொடர்பு இல்லாதவர்களுக்கான 2சி கட்டக் குலுக்கல் முடிந்துவிட்டது. என் மகளுக்கு இடம் கிடைக்கவில்லை. எங்கள் சமையலறைச் சன்னலைத் திறந்தால் அந்தப் பள்ளியின் திடல் தெரியும், காலையில் தேசிய கீதம் கேட்கும். அவளுக்குக் கிடைத்திருப்பதோ எல்ஆர்டி இலகு ரயில் ஏறிப் போய், இறங்கி, பெரிய சாலையையும் கடக்க வேண்டிய பள்ளி. அந்தப் பள்ளியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் காலை ஆறரை மணிக்கு எங்கள் எல்ஆர்டி நடைமேடையில் நின்று பாருங்கள். இந்தப் பக்கம் போகும் ரயிலுக்கும் சீருடைப் பிள்ளைகள், அந்தப் பக்கம் போகும் ரயிலுக்கும் சீருடைப் பிள்ளைகள். அங்கிருப்பவர்கள் இங்கே வருகிறார்கள், இங்கிருப்பவர்கள் அங்கே போகிறார்கள். பாதிப் பேர் கண்ணைத் திறக்க முடியாமல் தாயின் தோளில் சாய்ந்திருக்கிறார்கள்.

பொங்கோல், செங்காங், தெங்கா போன்ற புதிய நகரங்களிலாவது, இந்த அடுக்குமாடி புளோக்குக்கு இந்தப் பள்ளி என்று கல்வி அமைச்சு எல்லை வகுத்துவிட வேண்டும். எத்தனை வீடுகளுக்குச் சாவி கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லையைத் திருத்தலாம். 1 கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருந்தால் முன்னுரிமை உண்டு, இடம் உறுதியில்லை. ஆறு வயதுப் பிள்ளையின் பள்ளியைக் குலுக்கல் முடிவு செய்யக் கூடாது.

செங்காங் தாய்:
உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது அண்ணா. ஆனால் எல்லைக் கோட்டை எங்கே போட்டாலும் பள்ளியில் ஓர் இடம்கூட அதிகமாகாது. 2022ஆம் ஆண்டில் நடந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை பள்ளி வளாகத்துக்குள் இருக்கும் ஒரு புள்ளியிலிருந்துதான் தூரத்தை அளந்தார்கள். அந்த ஆண்டு முதல் பள்ளி நிலத்தின் எல்லையிலிருந்து அளக்கிறார்கள். வட்டம் பெரிதானது, கூடுதலாகச் சில புளோக்குகள் உள்ளே வந்தன. வகுப்பறைகள் கூடவில்லை, போட்டி போடுபவர்கள்தான் கூடினார்கள்.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தினால் போதும் என்கிறீர்கள். அண்ணன் படிக்கும்போது நம் புளோக் ஒரு பள்ளிக்குக் கீழ் இருக்கும், தங்கையின் முறை வரும்போது வேறு பள்ளிக்குப் போய்விடும். இரண்டு பிள்ளைகளை இரண்டு வாசலில் இறக்கிவிட்டு யார் நேரத்துக்கு வேலைக்குப் போவது? இன்றைய முறையில் முதல் கட்டத்திலேயே உடன்பிறந்தவருக்கு இடம் உறுதி. அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இன்னொன்று. நம் வீட்டுக்கு மிக அருகில் இருப்பது சிறப்பு உதவித் திட்டப் பள்ளியாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அங்கே தாய்மொழிப் பாடம் சீனம்தான். கோடு நம்மை அந்தப் பள்ளிக்குள் தள்ளினால் நம் பிள்ளை தமிழை எங்கே படிப்பது?

பொங்கோல்வாசி:
அந்தப் பள்ளிகளை எல்லைத் திட்டத்துக்கு வெளியே வைத்துவிடலாம் அக்கா, அது பெரிய சிக்கல் இல்லை. உடன்பிறந்தவருக்கும் விலக்குக் கொடுக்கலாம். அண்ணன் படிக்கும் பள்ளியில் தங்கைக்கு இடம் என்ற விதி அப்படியே இருக்கட்டும், புதிதாகச் சேரும் குடும்பங்களுக்கு மட்டும் எல்லை பொருந்தட்டும்.

எல்லை வகுத்தால் பணக்காரர் பள்ளி, ஏழைப் பள்ளி என்று பிரிந்துவிடும் என்பார்கள். வெளிநாடுகளில் அப்படி நடக்கிறது, மறுக்கவில்லை. நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டைகள் அப்படிப் பிரிந்து கிடக்கவில்லையே. 1989 முதல் ஒவ்வொரு புளோக்கிலும் இன விகிதாசாரம் இருக்கிறது. ஈரறை வீடும் ஐந்தறை வீடும் ஒரே பேட்டையில் இருக்கின்றன. அந்தப் பேட்டைப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பள்ளிக்குப் போனால் அதைவிட நல்ல கலப்பு வேறெங்கே கிடைக்கும்?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
நெரிசலைப் பள்ளிக்கு உள்ளிருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். முன்பு ஒரே கட்டடத்தில் காலைப் பள்ளி, மாலைப் பள்ளி என்று இரண்டு தொகுதியாக நடத்தினோம். பிறகு எல்லாத் தொடக்கப்பள்ளிகளும் ஒரே நேரப் பள்ளியாக மாறின, 2016க்குள் அது முடிந்தது. தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் வகுப்புக்கு 30 பேர் என்று குறைத்தார்கள். இரண்டும் மிக நல்ல மாற்றங்கள். ஆனால் இரண்டுக்கும் அறை வேண்டும். பிள்ளைகள் பெருகும் பேட்டையில் ஒரு நிலைக்கு இரண்டு வகுப்பு கூட்டினால், ஆறு ஆண்டில் பன்னிரண்டு அறை கூடுதலாகத் தேவைப்படும். இசை அறையும் கணினி அறையும் வகுப்பறையாகின்றன. இடைவேளையை மூன்றாகப் பிரிக்கிறார்கள். ஒரு தொகுதி ஒன்பது மணிக்கே சாப்பிட்டுவிடும், கடைசித் தொகுதி பதினொன்று வரை பசியோடு உட்கார்ந்திருக்கும். அந்த நெருக்கடியில் தமிழ் வகுப்பு எங்கே போகும் என்று யாரும் கேட்பதில்லை. சீன வகுப்பில் முப்பது பேர், நம் வகுப்பில் எட்டுப் பேர். எட்டுப் பேருக்குத் தனி அறையா என்று நேர அட்டவணை போடுபவர் தயங்குவார், நூலகத்தின் ஒரு மூலையைக் கொடுப்பார். அங்கே நான் வாய்விட்டுப் பாட்டுச் சொல்லிக் கொடுக்க முடியாது, பக்கத்தில் வேறு பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பார்கள். வாசிப்பும் ஒப்புவித்தலும் தாழ்ந்த குரலில் நடக்கும். நெரிசலில் முதலில் அடிபடுவது சிறுபான்மை மொழி வகுப்புதான். எல்லை வகுத்தால் இது மாறுமா என்று பொங்கோல் தம்பி சொல்ல வேண்டும்.

நெரிசல் ஏன் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பிடிஓ, அதாவது முன்பதிவுக்குப் பிறகு கட்டித்தரும் வீவக வீடுகள் உள்ள பேட்டைக்குக் குடிவருபவர்கள் பெரும்பாலும் இளம் தம்பதிகள். ஒரே ஆண்டில் சாவி வாங்குகிறார்கள், அடுத்தடுத்துப் பிள்ளை பெறுகிறார்கள். ஐந்தாண்டு வீட்டை விற்கவும் முடியாது. ஏழெட்டு ஆண்டில் அத்தனை பிள்ளைகளும் ஒன்றாகப் பள்ளி வாசலுக்கு வருகிறார்கள். இருபது ஆண்டு கழித்து அதே பேட்டையில் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். 2019இல் 28 பள்ளிகளை 14ஆக இணைத்தார்களே, அதில் 14 தொடக்கப்பள்ளிகள். பழைய பேட்டைகளில் பிள்ளைகள் குறைந்ததுதான் காரணம். மொத்தக் கருவள விகிதம் 2023இல் 0.97க்கு இறங்கிவிட்டது. இந்த நிலையில் அமைச்சு கட்டத் தயங்குவதும் எனக்குப் புரிகிறது.

தெங்காவில் காத்திருப்பவன்:
ஐயா சொல்வது சரி, ஆனால் கட்டுவதற்குப் பதிலாகப் பள்ளியை இடம் மாற்றவும் செய்கிறார்கள். ஜூயிங் தொடக்கப்பள்ளியைப் பயனியர் தொடக்கப்பள்ளியோடு இணைத்து, 2025இல் தெங்காவுக்குக் கொண்டுவந்தார்கள். அதை மனமார வரவேற்கிறேன். 42,000 வீடுகள் வரப்போகும் ஊர் இது.

எனக்குக் கவலை அடுத்ததில்தான். பார்க்கர் ரோட்டில் இருக்கும் ஆங்கிலோ-சீனத் தொடக்கப்பள்ளி 2030இல் இங்கே வருகிறது, பெண் பிள்ளைகளையும் சேர்க்கப் போகிறது. அது நூற்றாண்டு கடந்த பள்ளி, முன்னாள் மாணவர்கள் தீவு முழுக்க இருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு, 2சிக்கு முன்பே நடக்கும் 2ஏ கட்டத்தில் முன்னுரிமை. எதிர் புளோக்கில் இருக்கும் என் பிள்ளை 2சி வரை காத்திருக்க வேண்டும். 2சிக்கு ஒதுக்கிய இடங்களை 2022இல் 20லிருந்து 40ஆக உயர்த்தினார்கள், உண்மை. ஆறு வகுப்புள்ள பள்ளியில் 180 இடம். அதில் உறுதியாக நமக்கென்று இருப்பது 40. பொங்கோல் அண்ணன் கேட்கும் எல்லை எல்லா இடத்துக்கும் தேவையா என்று தெரியவில்லை. ஆனால் புதிய நகரத்துக்குள் வரும் பழம்பெரும் பள்ளிக்குக் கட்டாயம் தேவை.

செங்காங் தாய்:
தம்பி, அதற்குக் கோடு எதற்கு? 40ஐ 80 ஆக்கச் சொல்லுங்கள், நானே முதல் ஆளாக ஆதரிக்கிறேன்.

ஆசிரியர் ஐயா சொன்ன நூலக மூலை என்னை உலுக்கிவிட்டது. என் மகனுக்குப் பள்ளி தேடியபோது தரவரிசை எதையும் நான் பார்க்கவில்லை. தமிழ் வகுப்பில் எத்தனை பேர், எத்தனை தமிழாசிரியர்கள் என்றுதான் அலுவலகத்தில் கேட்டேன். தமிழ்ப் பிள்ளைகள் கூடுதலாக உள்ள பள்ளி ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அங்கேயே சேர்த்தேன். இன்று அவன் வகுப்பில் பதினைந்து பேர் தமிழ் படிக்கிறார்கள், வீட்டுக்கு வந்தும் அந்தப் பிள்ளைகளோடு தமிழில் பேசுகிறான். எல்லை இருந்திருந்தால் அவன் நான்கு பேர் வகுப்பில் உட்கார்ந்திருப்பான். நம்மைப் போன்ற சிறிய சமூகம் தேர்ந்தெடுக்கும் உரிமையை இழந்தால், ஒவ்வொரு பள்ளியிலும் மூன்று பேர், நான்கு பேர் என்று சிதறிவிடுவோம்.

பொங்கோல்வாசி:
நீங்கள் தேர்ந்தெடுத்தீர்கள், உங்களுக்கு இடம் கிடைத்தது அக்கா. நானும் தேர்ந்தெடுத்தேன், கிடைக்கவில்லை. குலுக்கலில் தோற்றவனுக்கு எஞ்சிய இடம்தான், அந்தப் பள்ளியில் தமிழ் வகுப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்கும் வாய்ப்பே எனக்குத் தரப்படவில்லை.

தெங்கா தம்பி சொல்லும் 2ஏ சிக்கல் எங்கள் பள்ளியில் இல்லை. எங்கள் பள்ளி புதியது, முன்னாள் மாணவர்களே இன்னும் பெற்றோர் ஆகவில்லை. இங்கே இடத்தை நிரப்புவது உடன்பிறந்தவர்களும், பள்ளி வளாகத்திலேயே இருக்கும் கல்வி அமைச்சின் பாலர் பள்ளிப் பிள்ளைகளும்தான். பாலர் பள்ளியில் இடம் கிடைத்தால் 2ஏ கட்டத்தில் நுழைந்துவிடலாம். நான்கு வயதில் அங்கே இடம் கிடைக்காத பிள்ளை ஆறு வயதிலும் பின்னால் நிற்கிறது. ஆசிரியர் ஐயா கேட்டதற்கு என் பதில் இது: எல்லை இருந்தால் எந்தப் பள்ளிக்கு எத்தனை தமிழ்ப் பிள்ளைகள் வருவார்கள் என்று இரண்டு ஆண்டு முன்பே அமைச்சுக்குத் தெரியும். ஆசிரியரையும் அறையையும் முன்கூட்டியே ஒதுக்கலாம். இன்று ஆகஸ்ட் மாதம் குலுக்கல் முடியும் வரை யாருக்கும் தெரியாது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
அந்தக் கடைசிக் கருத்து வலுவானது, ஏற்கிறேன். ஆனால் தெரிந்தால் மட்டும் அறை வந்துவிடாது தம்பி. எட்டுப் பேர் வருவார்கள் என்று எங்களுக்கும் நன்றாகவே தெரிந்திருந்தது.

பொங்கோல்வாசி:
வரும் திங்கட்கிழமை நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போகிறேன். எல்லைக் கோரிக்கையோடு, தாய்மொழி வகுப்புக்குத் தனி அறை வேண்டும் என்பதையும், தெங்காவுக்கான ஒதுக்கீட்டை உயர்த்த வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். சேர விரும்புபவர்கள் தனிச்செய்தி அனுப்புங்கள்.

செங்காங் தாய்:
இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் என் பெயரைப் போடுங்கள். முதலாவதை எதிர்த்து எங்கள் தொகுதியில் நான் தனியாக எழுதிக் கொடுப்பேன்.